மூச்சை விடச் சொல்ல மறந்தவள்

கணவனின் பைஜாமாவுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள் பம்பரம். ஊக்கை நாடாவின் தலையில் குத்தி, இடுப்புப் பட்டியின் ஒரு துளைக்குள் விட்டு, துணிக்குள்ளேயே மண்புழுவைப் போல நெளியவைத்து, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டுவந்து மறு துளையில் தலையை வெளியே எடுத்தும்விட்டாள். எடுத்த சந்தோஷத்தில் ஓர் இழு இழுத்தாள். தலை ஒரு முழம் வெளியே வந்தது. வால், அந்தப் பக்கத்துத் துளைக்குள், திருடன் சந்துக்குள் திரும்புவதுபோலச் சத்தமில்லாமல் போய் மறைந்தது.

பைஜாமா நாடாவுக்காக அழுதவர்கள் உலகத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“வாலைப் பிடிக்காம தலைய இழுத்தா அது போகாம என்ன செய்யும்?” என்றாள் அத்தை. செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வீட்டின் எல்லா மூலைகளையும் பார்க்கக்கூடிய மாமியார் அவள். “முழுசா உருவிட்டு முதல்லேருந்து கோத்துடு. இதுக்குப் போய் மூக்கை உறிஞ்சிக்கிட்டு.”

முதலிலிருந்து. போன மாதம் ஆஸ்பத்திரியில் கேட்டதும் இதே சொல்தான்.

அன்றைக்கு ஒரு நோயாளியின் தொடை ஓரத்தில் ஊசித்துளை போட்டு, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பியை அனுப்பி, கம்பியின் மேல் ஒரு குழலை ஏற்றி, சந்து சந்தாகத் திரும்பி, சிறுநீரகத்தின் வாசல்வரை போயாகிவிட்டது. போய்ச் சேர்வதற்குள் அந்த அறையில் எல்லோருக்கும் தாடி வளர்ந்துவிட்டது, நர்சுகள் உட்பட. அங்கே போனபிறகு பழைய குழலை உருவிவிட்டு வேறொன்றை ஏற்ற வேண்டும். அப்படி உருவும்போது கம்பி மயிரிழைகூட அசையக் கூடாது. ஒரு கை குழலை உருவ, மறு கை கம்பியின் வாலை ஆணி அடித்ததுபோலப் பிடித்திருக்க வேண்டும். பம்பரம் உருவினாள். வாலைப் பிடிக்கவில்லை. குழலும் கம்பியும் கல்யாணத்துக்குக் கிளம்பிய குடும்பம் மாதிரி ஒன்றாகச் சேர்ந்து வெளியே வந்துவிட்டன. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வழிதான் போயிற்று. தலைமை மருத்துவர் கையுறையை மாற்றிக்கொண்டு, “முதல்லேருந்து” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பம்பரத்துக்கு அன்றிலிருந்து காதில் அந்தச் சொல் ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தது. இப்போது பைஜாமாவும் சொல்கிறது.

பம்பரம் என்பது விடுதியில் வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுத்தால் அவளுக்கே யாரோ போலத் தோன்றும். உட்கார்ந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருப்பவள் அவள். கால் ஆடும், ஆடும் காலோடு கட்டில் ஆடும், ஆடிய கட்டில் பரீட்சைக் காலத்தில் மெல்ல நகர்ந்து நகர்ந்து பக்கத்து அறைக்கே போய்விட்டதாக விடுதியில் ஒரு வரலாறு உண்டு. கதிரியக்கத் துறையில் ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் இருட்டறையில் சுழல் நாற்காலிகளை வரிசையாக உடைத்துவிட்டாள். அடுத்ததைக் கேட்டபோது பண்டகசாலைக்காரர், “அம்மா, கருங்கல்லுல ஒன்னு செய்யச் சொல்லட்டுமா?” என்றார்.

அவளோடு பள்ளியில் படித்தவர்கள் எல்லாரும் கல்யாணம் செய்து, வீடு கட்டி, அந்த வீடு ஒழுகி, ஒழுகியதைப் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார்கள். அவள் இன்னும் ஹால் டிக்கெட்டில் ஒட்டுவதற்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். மருத்துவப் படிப்பு முடிந்து, பயிற்சி முடிந்து, நுழைவுத் தேர்வில் விழுந்து எழுந்து, கதிரியக்கப் படிப்பில் நுழைந்து, அதுவும் இதோ முடிகிறது. இதற்குமேல் போவதற்கு இப்போது இரண்டு வாசல்கள்.

ஒன்று, வீட்டுக் கம்பெனி. உலகத்தின் எந்த மூலையில் யார் தலையில் அடிபட்டாலும் அந்த ஸ்கேன் படம் கம்ப்யூட்டர் வழியாக வீட்டுக்கே வந்துவிடும். பார்த்து எழுதி அனுப்பிவிட்டால் போதும். தை தை என்று ஓட வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், பல் தேய்க்காமலேகூட வேலை பார்க்கலாம். சம்பளம் கேட்டு அத்தை செய்தித்தாளையே மடித்து வைத்தாள். கம்பெனிக்காரர் வேலைக்கு உத்தரவு அனுப்பும் முன்பே ஒரு நாற்காலியின் படத்தை அனுப்பியிருந்தார். கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கெண்டைக்காலுக்கு ஒன்று என்று மெத்தைகள். அதில் சாய்ந்தால் தாலாட்டுப் பாடும், குறட்டைவிட்டால் கன்னத்தைத் தட்டும் என்று தோன்றியது. சரியா இல்லையா என்று இன்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலி வேறொருவரைத் தாலாட்டப் போய்விடும்.

இன்னொன்று, கம்பி வேலை. படத்தைப் பார்த்து எழுதுவதோடு நிற்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டே உடம்புக்குள் போய் அடைத்ததைத் திறப்பதும், கசிவதை அடைப்பதும். கத்தி கிடையாது, தையல் கிடையாது, ஊசித்துளைதான் வாசல். இதற்கு மேலும் இரண்டு வருஷப் பயிற்சி. அதற்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் இடம். அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி இவள். மற்றவன் ‘சிலை’. கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் வந்து அலை இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம். போட்டி என்று சொல்லவே பம்பரத்துக்கு வெட்கமாக இருந்தது.

அத்தைக்கு இரண்டு வாசலையும் விளக்கிச் சொல்லியிருந்தாள். அத்தை தீரக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வழங்கினாள்.

“அதாவது, அடைச்ச குழாய்ல கம்பி விட்டுக் குத்துறது. ஒழுகுற குழாய அடைக்கிறது.”

“அப்படித்தான் அத்தை. ஏறக்குறைய.”

“நம்ம பிளம்பர் இதையே ரெண்டு வருஷத்துல கத்துக்கிட்டு இப்ப கார் வச்சிருக்கான். நீ பொறந்ததுலேருந்து படிக்கிறே.”

கணவன் இதில் எதிலும் தலையிடவில்லை. பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். கண்டங்கள் நகரும் வேகத்தில் சாப்பிடுகிறவர். காலையில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “எதை வேணா எடு. ஆனா ஒன்னை எடுத்துடு. நீ நடக்கிற நடைல வீடே சுத்துது. நேத்து நான் குளியலறைன்னு நெனச்சு சமையலறைக்குள்ள போயிட்டேன்” என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, நாடா இல்லாத பைஜாமாவை அவள் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அவரிடம்கூடச் சொல்லாத ஒன்று உண்டு. இருட்டறையில் இருந்தவளை முதல்முதலாகக் கம்பி அறைக்குள் யாரோ எதையோ கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். உள்ளே, பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. மருத்துவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். திரையில் கறுப்புச் சாயம் ஓடி, ஒரு கிளையின் நுனியில் புகைபோலக் கலைந்தது. அந்த நுனிவரைக்கும் ஒரு கம்பி போயிற்று. அரிசிமணியளவு ஏதோ ஒன்றை அங்கே விட்டது. மறுபடி சாயம் ஓடியபோது புகை இல்லை. அவ்வளவுதான். வெளியே வந்தபோதுதான் பம்பரம் கவனித்தாள்: அவ்வளவு நேரமும் அவள் ஆடவில்லை. கால் ஆடவில்லை, விரல் தாளம் போடவில்லை, தலைமுடியை முறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் ஓர் இடத்தில் நின்றிருந்தாள். நன்றாகச் சுற்றும் பம்பரம் நிற்பதுபோலத்தான் தெரியும் என்று சின்ன வயதில் பையன்கள் சொல்வார்கள். தன் உடம்புக்குள்ளேயே அதைப் பார்த்தது அன்றுதான். அதை யாரிடம் எப்படிச் சொல்ல? வேலைக்கான நேர்காணலில் ‘உங்களுக்கு இந்தத் துறையில் ஏன் ஆர்வம்’ என்று கேட்டால், ‘என் கால் ஆடவில்லை சார்’ என்றா சொல்ல முடியும்?

ஆனால் வாலைக் கோட்டைவிட்ட நாளிலிருந்து அந்த அறையிலும் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. அதுதான் அவளைத் தின்றது.

தலைமை மருத்துவருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் ‘ஊமைவெயில்’. குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. ஊமைவெயில் நாளில் வானத்தில் சூரியன் தெரியாது, முதுகு மட்டும் தொப்பலாக நனைந்துவிடும், அல்லவா? அந்த வகை. ஆள் மூன்று முழம்தான். மேஜை எட்டுவதற்கு ஒரு மரப்பலகையின் மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வார். அந்தப் பலகையை யாராவது காலால் நகர்த்தினால் அவர்களுடைய எதிர்காலமும் நகர்ந்துவிடும் என்பது ஐதீகம். இடம் யாருக்கு என்று காலையில் அவரிடம் பம்பரம் கேட்டேவிட்டாள். கேட்கக் கூடாதென்று வீட்டிலிருந்து வரும்வரை தீர்மானித்திருந்ததால் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“இன்னிக்கு கேஸ் முடியட்டும்” என்றார் ஊமைவெயில்.

“இல்ல மேடம், சாயங்காலத்துக்குள்ள இன்னொரு இடத்துக்குப் பதில்…”

“கேஸ் முடியட்டும்.”

ஈய அங்கியை மாட்டிக்கொண்டாள். ஊடுகதிர் உடம்பில் படாமலிருக்கப் போட்டுக்கொள்ளும் கவசம் அது. முதல்தடவை மாட்டிக்கொண்டபோது யாரோ முதுகில் உப்புமூட்டை ஏறிவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தவள் அவள். இதை வாழ்நாளெல்லாம் சுமந்தவர்களுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து, முதுகெலும்பு நொந்து, நெட்டையாக வந்தவர்கள் குட்டையாக ஓய்வுபெறுவார்கள் என்று துறையில் பேச்சு. ஊமைவெயில் பணியில் சேரும்போது ஆறடி இருந்தார் என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘தாலாட்டும் நாற்காலி’ என்று நினைத்துக்கொண்டே கட்டுகளை இறுக்கினாள். கைப்பேசி அங்கிக்கு உள்ளே, சட்டைப் பையில் இருந்தது. எடுத்து வெளியே வைக்க மறந்துபோனாள். மறந்துபோனாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேஜையில் படுத்திருந்தவர் முக்குளிக்கிற தொழில் செய்து ஓய்ந்தவர். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் தண்ணீருக்குள் மூழ்கிச் சுரண்டி எடுத்தவர். தோள் இரண்டும் இன்னும் கதவு அகலம். கல்லீரலில் ஒரு கட்டி. வெட்டி எடுக்க முடியாத இடம். அதனால் கட்டிக்குச் சோறு போடும் ரத்தக்குழாயைத் தேடிப்போய், மருந்தை விட்டு, வாசலை அடைத்துவிடுவது ஏற்பாடு. மயக்கம் கிடையாது, விழித்துக்கொண்டுதான் இருப்பார்.

“டாக்டரம்மா, வலிக்குமா?”

“ஊசி போடும்போது கொஞ்சம். அப்புறம் தெரியாதுய்யா. நாங்க சொல்லும்போது மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கணும். பிடிக்க முடியுமா?”

முக்குளிப்பவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மீனைப் பார்த்து நீந்தத் தெரியுமா என்று கேட்டால் மீன் எப்படிப் பார்க்குமோ அப்படி.

“பார்ப்போம்மா. வயசாயிடுச்சில்ல” என்றார் அடக்கமாக.

கண்ணாடிக்கு அந்தப்புறம் கருவிகளை ஓட்டும் டெக்னீஷியன் ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமினார். “பம்பரம் டாக்டர், இன்னிக்குச் சாட்டைய வீட்டுல வச்சிட்டு வந்துட்டீங்கதானே?”

“சும்மா இருங்கண்ணே. நானே பயத்துல இருக்கேன்.”

“பயமெல்லாம் எதுக்கு? போன மாசம் மாதிரி ஆனாலும் எனக்கு ஓவர்டைம்தானே.”

அவருக்குப் பின்னால் சிலை நின்றுகொண்டிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு, புருவம்கூட அசையாமல்.

வேலை ஆரம்பித்தது. ஊமைவெயில் பலகைமேல் ஏறினார். பம்பரத்துக்கு உரிய இடம் மேஜையின் கால்மாடு. கம்பியின் வால் அங்கேதான் வரும். வாலைப் பிடித்துக்கொள்வது, கேட்பதை எடுத்துக் கொடுப்பது, படம் எடுக்கும்போது மிதியை மிதிப்பது, நோயாளிக்கு மூச்சைச் சொல்வது. கம்பி தொடை ஓரத்திலிருந்து பெருங்குழாயில் ஏறி, கல்லீரலின் கிளைக்குள் திரும்பிற்று. அதன்மேல் ஒரு குழல், அதற்குள் நூல்போல இன்னொரு குழல். ஊமைவெயிலின் விரல்கள் உருட்டுவது தெரியாமல் உருட்டின. பம்பரம் வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். புலிவாலைப் பிடித்தவன்கூட அப்படிப் பிடித்திருக்க மாட்டான்.

“மூச்சை இழுத்து… பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க.”

அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. மூச்சைப் பிடிக்கச் சொல்வது படுத்திருப்பவருக்கு மட்டும்தான். ஆனால் சொன்னவுடன் நின்றிருப்பவர்கள் எல்லாருமே பிடித்துக்கொள்வார்கள். நர்ஸ் பிடிப்பார், கண்ணாடிக்கு அந்தப்புறம் டெக்னீஷியன் பிடிப்பார், ஊமைவெயிலே பிடிப்பார். நமக்கா சொன்னார்கள் என்று யாரும் யோசித்ததில்லை. கதவோரம் தரை துடைத்துக்கொண்டு போகிறவர்கூடத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். ‘விடுங்க’ என்ற சொல் வந்ததும் அறை முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பும், திரைச்சீலை ஆடும்.

பம்பரம் மிதித்தாள். ஊமைவெயில் சாயத்தைச் செலுத்தினார். திரையில் கல்லீரலின் குழாய்கள் இலையில்லாத மரம்போலக் கிளைவிட்டன. “விடுங்க.” பெருமூச்சு. இன்னும் உள்ளே போய் இன்னொரு படம். பிடிங்க, விடுங்க. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்ததுதான் தப்பு.

மூன்றாவது படத்துக்கு, “பிடிச்சுக்கோங்க, அசையாதீங்க” என்று சொல்லி மிதியை மிதித்தாள். அந்த நொடியில் சட்டைப் பைக்குள் கைப்பேசி நடுங்க ஆரம்பித்தது.

ஈய அங்கிக்குள் கைப்பேசி நடுங்கினால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். விலா எலும்பெல்லாம் ஜலதரங்கம் வாசிக்கும். மாலை என்று சொல்லிவிட்டு இப்போதே கூப்பிடுகிறாரே கம்பெனிக்காரர், எடுக்காவிட்டால் வேண்டாம் என்று அர்த்தமா, இங்கேயும் கிடைக்காமல் அங்கேயும் போனால் வீட்டில் என்ன சொல்வது, அத்தை பிளம்பரிடம் சிபாரிசு செய்வாளோ, கையுறையோடு பைக்குள் கையை விட முடியாது, விட்டால் கை தீட்டு, முதலிலிருந்து கழுவ வேண்டும், முதலிலிருந்து, முதலிலிருந்து… மனசு ஊர் சுற்றிவிட்டு வரும்வரை கால் மிதியிலேயே இருந்தது. வாய் மூடியே இருந்தது.

அறையில் ஈ பறந்தால் கேட்கும். யாரும் மூச்சுவிடவில்லை. கண்ணாடிக்கு அந்தப்புறம் டெக்னீஷியனின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. நர்ஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சிலைகூட அசைந்தான், அவன் வரலாற்றில் அது முதல்முறை.

“டாக்டர்!” என்று நர்ஸ்தான் முதலில் வெடித்தார். “விடச் சொல்லுங்க டாக்டர்!”

“ஐயையோ! விடுங்க! ஐயா, விடுங்க, மூச்சு விடுங்க!”

திரைச்சீலை ஆடிய ஆட்டத்தில் கொக்கியிலிருந்து ஒரு பக்கம் கழன்றேவிட்டது. டெக்னீஷியன் இருமும் சத்தம் ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் கேட்டது. மேஜையில் இருந்தவர் மட்டும் நிதானமாக ஒரு கண்ணைத் திறந்தார்.

“அதுக்குள்ளயா?” என்றார். “நான் இப்பதான் கப்பலுக்கு அடிக்கே போயிருக்கேன்.”

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊமைவெயில் திரும்பாமல் சொன்னார்: “மிதியிலேருந்து காலை எடு.”

எடுத்தாள்.

“அவருக்கு ஒன்னும் இல்ல. ஆனா தேவையில்லாத கதிர் அவர்மேலயும் பட்டுது, நம்மமேலயும் பட்டுது.” பிறகு, வெயில் ஏறுவதுபோல மெதுவாக, “போன மாசம் வாலை மறந்தே. இன்னிக்கு மூச்சை மறந்தே. அடுத்த மாசம் என்னம்மா, ஆஸ்பத்திரிக்கு வர்றதையா?”

முடிந்தது. பம்பரத்துக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அந்த இடம் கண்ணாடிக்கு அந்தப்புறம் போய்ச் சிலைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சிலை மரியாதைக்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பேசி ஓய்ந்தது. ஓய்ந்ததும் உடனே மறுபடி நடுங்கியது.

யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பார்ப்பதற்குத் திரை மட்டும்தான் மிச்சம். அதனால் திரையைப் பார்த்தாள்.

கடைசிப் படம் அங்கே அப்படியே நின்றிருந்தது. குழாய்களெல்லாம் வடிந்துபோய், சாயம் கட்டியில் மட்டும் தங்கி, மையொற்றுத் தாளில் விழுந்த சொட்டுபோல ஊறியிருந்தது. இவ்வளவு தாமதமான படம் முந்தைய இரண்டிலும் இல்லை. குழாய் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். இருட்டறையில் வருஷக்கணக்காகக் கறுப்பு வெள்ளையையே தின்று வளர்ந்த கண் அவளுக்கு. அந்தக் கண், அவள் வெட்கத்தில் குமைந்துகொண்டிருந்ததைக் கொஞ்சமும் சட்டைசெய்யாமல், தன்பாட்டில் வேலைசெய்தது. காலையில் இவருடைய ஸ்கேனைப் பார்த்தபோது கட்டி முழு வட்டம். இங்கே வட்டம் முழுசாக இல்லை. மேல் மூலையில், குழந்தை கடித்துவிட்டு வைத்த பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு வெளுத்திருந்தது.

“மேடம்.”

ஊமைவெயில் அடுத்த ஊசிக்குழலை எடுத்தார்.

“மேடம், மேல் மூலை நிறையல.”

ஊமைவெயிலின் விரல்கள் நின்றன.

“ஸ்கேன்ல முழு வட்டம் மேடம். இங்க கடிச்சு எடுத்த மாதிரி இருக்கு. அந்த மூலைக்கு இந்தக் குழாய் சோறு போடல. வேற எங்கிருந்தோ வருது. உதரவிதானத்துக்கு அடியில போற குழாயா இருக்கும்னு… இருக்கலாம்னு தோணுது. இதை மட்டும் அடைச்சா அந்த மூலை உயிரோட இருக்கும்.”

“மறுபடி ஓட்டு” என்றார் ஊமைவெயில் கண்ணாடியைப் பார்த்து. டெக்னீஷியன் இருமிக்கொண்டே ஓட்டினார். மரம் கிளைத்தது, வடிந்தது, சொட்டு ஊறியது, மூலை வெளுத்தது. “மறுபடி.” மறுபடி வெளுத்தது.

“ம்” என்றார்.

அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று அறையில் யாருக்கும் தெரியவில்லை. அதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தது இவ்வளவுதான்: ஊமைவெயில் பலகையிலிருந்து இறங்கினார். யாரும் நகர்த்தத் துணியாத அந்தப் பலகையைத் தன் காலாலேயே மேஜைக்கு அடியில் தள்ளினார். கால்மாட்டுக்கு நடந்துவந்து, பம்பரத்தின் கையிலிருந்த வாலை வாங்கிக்கொண்டார்.

“போ” என்றார். “தேடு.”

“நானா மேடம்?”

“பின்ன, முக்குளிக்கத் தெரிஞ்சவர் படுத்திருக்காரே, அவரா?”

பம்பரம் மிதியையும் காலால் தள்ளிக்கொண்டு ஊமைவெயில் நின்றிருந்த இடத்தில் போய் நின்றாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் அறை வேறு மாதிரி இருந்தது. நோயாளியின் முகம் பக்கத்தில். திரை நேர் எதிரே. கைப்பேசி மூன்றாவது தடவையாக நடுங்கிற்று. இந்தமுறை ஈயத்தையும் மீறி வெளியே கேட்டது.

“யாரது?” என்றார் ஊமைவெயில்.

“ஒரு நாற்காலி மேடம்.”

ஊமைவெயில் அதற்கு விளக்கம் கேட்கவில்லை. கழுத்தை ஒருமுறை இடமும் வலமும் திருப்பி நெட்டி எடுத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தில் எத்தனையோ வருஷத்து ஈயம் இருந்தது. “எடுக்கணும்னா சிஸ்டர் எடுத்துத் தருவாங்க. காதுல வச்சுப் பேசு. அவசரமில்ல. நல்லா உக்காந்து பார்க்கிற வேலைதான் அது. கழுத்து வலிக்காது.” கேலியா, நிஜமா என்று தெரியாத அதே குரல்.

நர்ஸ் அங்கியின் ஓரத்தை விலக்குவதற்குக் கையை நீட்டிவிட்டார். பம்பரம் குழலின்மேல் விரலை வைத்தாள். கல்லீரலின் கிளையிலிருந்து உருவிக்கொண்டு பெருங்குழாய்க்கு வர வேண்டும். கம்பி அசையக் கூடாது. அவளுடைய வாய், கேட்கக் கூடாததைத் தானாகக் கேட்கும் அந்த வாய், திறந்துகொண்டது.

“மேடம், வாலைப் பிடிச்சிருக்கீங்கதானே?”

கண்ணாடிக்கு அந்தப்புறம் டெக்னீஷியன் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஊமைவெயிலிடம் இதுவரை யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கேட்டவர்கள் யாரும் இப்போது இந்த ஊரில் இல்லை.

“பிடிச்சிருக்கேன்” என்றார் ஊமைவெயில்.

உருவினாள். கம்பி அசையவில்லை. குழலின் நுனி பெருங்குழாய்க்குள் வந்து, சுவரைத் தடவித் தடவி, மேலே ஏறிற்று. ஒரு திருகல். இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே, இன்னொரு திருகல். நுனி எதிலோ லேசாகத் தட்டுப்பட்டு, கதவிடுக்கில் விரல் மாட்டுவதுபோல, நின்றது. வாசலா, சுவரா? சாயம் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஊசிக்குழலைக் கையில் எடுத்தாள். பைக்குள் நடுக்கம் நடந்துகொண்டே இருந்தது; நர்ஸின் விரல்கள் அங்கியின் விளிம்பைத் தொட்டுவிட்டன.

“ஐயா,” என்றாள் பம்பரம், “மூச்சை இழுத்து… பிடிச்சுக்கோங்க.”

“நிஜமாவா, போன தடவை மாதிரியா?”

“நிஜமா.”

கதவு அகலத் தோள்கள் ஒருமுறை உயர்ந்து நின்றன. நர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார், நீட்டிய கை அந்தரத்தில் அப்படியே இருக்க. டெக்னீஷியன் பிடித்தார். சிலை பிடித்தான். கால்மாட்டில் மூன்று முழத்துக்கு ஒருவர், இரண்டு கையாலும் ஒரு கம்பியின் வாலைப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் பிடித்திருந்தார். மிதியின் மேல் இருந்த பம்பரத்தின் கால் ஆடவில்லை. பைக்குள் நடுக்கம் நின்றது. ஓய்ந்ததா, துண்டித்துவிட்டார்களா, தெரியவில்லை. திரையின் வெளுப்பில், நுனியிலிருந்து ஒரு கறுப்பு இழை புறப்பட்டு, மேல் மூலையைப் பார்த்து மெல்ல வளைந்துகொண்டிருந்தது.